கையெழுத்து நோட்டு

(இது ஒரு கதைப் பாடம். பூல்மணியும் சீமாவும் கற்பனை. ரூர்கேலா ஊரும், ஹாக்கிப் போட்டியும், பெயர் சொல்லியிருக்கும் ஆட்டக்காரர்களும் உண்மை.)

1. பொரி விற்கும் பூல்மணி

ஒடிசா மாநிலத்தில் சுந்தர்கர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் பெரிய ஊர் ரூர்கேலா. அங்கே பெரிய உருக்காலை உண்டு. இரும்புக்குப் பெயர் பெற்ற ஊர். ஹாக்கிக்கும் பெயர் பெற்ற ஊர்.

பூல்மணி அந்த ஊரின் ஓரத்தில் ஒரு குடிசைப் பகுதியில் வசிக்கிறாள். கணவன் வெளியூரில் கட்டட வேலை செய்கிறான். மாதம் ஒரு முறை பணம் அனுப்புவான். சில மாதம் அனுப்ப மாட்டான். பூல்மணி பொரியும் வறுத்த கடலையும் விற்றுக் குடும்பத்தை நடத்துகிறாள்.

அவளுக்கு ஒரே மகள். பெயர் சீமா. வயது 12. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சீமா தன் அம்மாவை 'ஆயோ' என்று கூப்பிடுவாள். அந்தப் பக்கத்து ஆதிவாசி மக்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பூல்மணி சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. ஒரு வருடத்திற்கு முன்புதான் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அதுவரை எங்கே போனாலும் கைநாட்டுதான். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். தன் பெயரை எழுதுகிறாள். 'பூ' என்ற எழுத்தை நேராக எழுத அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

சீமாவுக்கு ஹாக்கி என்றால் உயிர். அவளிடம் இருப்பது மூங்கில் மட்டை. மூங்கிலின் அடிப்பகுதி தானாகவே வளைந்திருக்கும். அதை வெட்டிச் சீவினால் மட்டை ஆகிவிடும். மண் தரையில் ஆட அது போதும்.

ஆனால் சீமாவின் ஆசை பெரியது. ரூர்கேலாவில் பன்போஷ் என்ற இடத்தில் அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. தேர்வில் நன்றாக ஆடினால் அங்கே சேரலாம். படிப்பும் கிடைக்கும். பயிற்சியும் கிடைக்கும். பெரிய போட்டிகளை இப்போது செயற்கைப் புல்தரையில்தான் ஆடுகிறார்கள். அதில் தண்ணீர் தெளித்து ஆடுவார்கள். பந்து மின்னல் போல ஓடும். மூங்கில் மட்டை அதற்குச் சரிப்படாது. நல்ல மட்டை வேண்டும்.

கடையில் ஒரு மட்டையின் விலை 1,500 ரூபாய் என்றார்கள். பூல்மணியிடம் அவ்வளவு பணம் இல்லை.

2. ஹாக்கி மண்

சீமாவின் ஆசை அந்த ஊரில் புதிதல்ல.

சுந்தர்கர் மாவட்டத்துக் கிராமங்களில் அறுவடை முடிந்ததும் ஹாக்கிப் போட்டி நடக்கும். ஜெயித்த அணிக்குக் கோப்பை இல்லை. ஆட்டுக்கடா பரிசு! எல்லாரும் சமைத்துச் சாப்பிடுவார்கள்.

அந்த மண்ணிலிருந்து பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். மைக்கேல் கிண்டோ ரூர்கேலா உருக்காலையில் வேலை பார்த்தவர். 1975ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியில் அவர் ஆடினார். திலீப் டிர்க்கி, சவுனாமாரா என்ற சிறு கிராமத்தில் பிறந்தவர். இந்திய அணிக்குத் தலைவராக இருந்தார். நாட்டுக்காக 400க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். மூன்று ஒலிம்பிக்கில் ஆடினார். அமித் ரோகிதாசும் அதே சவுனாமாராவில் பிறந்தவர். 2021ல் டோக்கியோவிலும் 2024ல் பாரிசிலும் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற அணியில் அவர் இருந்தார்.

பெண்களும் பின்தங்கவில்லை. அதே மாவட்டத்தைச் சேர்ந்த தீப் கிரேஸ் எக்கா டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். அந்த அணி நான்காம் இடம் பெற்றது.

2023 ஜனவரியில் ரூர்கேலாவில் ஒரு பெரிய மைதானம் திறந்தார்கள். 20,000 பேர் உட்காரலாம். வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆதிவாசித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த ஆண்டு உலகக் கோப்பை ஆட்டங்கள் சில அங்கே நடந்தன. முதல் ஆட்டத்தில் இந்தியா ஸ்பெயினை 2-0 என்று வென்றது. முதல் கோலை அடித்தவர் அமித் ரோகிதாஸ்.

3. "கையெழுத்தா கேட்பது?"

2024 டிசம்பர் 28ல் அந்த மைதானத்தில் ஹாக்கி இந்தியா லீக் போட்டி தொடங்கியது. 2017க்குப் பிறகு இந்தப் போட்டி நடக்கவே இல்லை. ஏழு வருடம் கழித்து மீண்டும் வந்தது. ஆண்கள் பிரிவில் 8 அணிகள். தமிழ்நாட்டின் பெயரிலும் ஓர் அணி ஆடியது. ஒவ்வோர் அணியிலும் 24 பேர். அதில் 8 பேர் வெளிநாட்டுக்காரர்கள்.

இவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அதாவது, ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். அணிகள் ஏலம் போட்டு இவர்களை எடுத்தன. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை ஓர் அணி 78 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

பெண்களுக்கும் முதல் முறையாக இந்தப் போட்டி நடந்தது. 4 அணிகள் ராஞ்சி நகரத்தில் ஆடின.

மைதானத்துக்குக் கூட்டம் வந்தது. பூல்மணி தன் கூடையை மைதானத்துக்குப் பக்கத்துச் சாலையில் வைத்தாள். பொரி நன்றாக விற்றது. பள்ளி விட்டதும் சீமாவும் வந்துவிடுவாள்.

ஒரு நாள் சீமா 40 பக்க நோட்டு ஒன்றைக் கொண்டு வந்தாள்.

"ஆயோ, இதில் ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன். நீயும் வா."

பூல்மணி சிரித்துவிட்டாள்.

"ரேஷன் கடையில் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். வங்கியில் கேட்கிறார்கள். உன் பள்ளியில் கேட்கிறார்கள். எல்லாரும் நம்மிடம் கேட்பார்கள். நாம் போய் அடுத்தவரிடம் கேட்பதா? எதற்கு?"

"அவர் நம் பக்கத்தில் நின்றார், நம் நோட்டில் எழுதினார் என்று ஒரு ஞாபகம். விற்பதற்கு இல்லை ஆயோ. வைத்துக்கொள்வதற்கு."

பூல்மணிக்கு அது புதிதாக இருந்தது. கையெழுத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டா?

4. முட்டி மோதினால் கிடைக்காது

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் பேருந்துக்கு வந்தார்கள். நூறு பேர் முட்டி மோதினார்கள். ஒரு பையன் ஆட்டக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஒரு பெரியவர் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். காவலர்கள் எல்லாரையும் தள்ளினார்கள். பேருந்து போய்விட்டது. சீமாவின் நோட்டில் காலடி பட்டு அட்டை கிழிந்தது.

சீமா அழுதாள். பூல்மணி அட்டையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள்.

"பொரி விற்பதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு" என்றாள் பூல்மணி. "எல்லாரும் நிற்கிற இடத்தில் நின்றால் நம் கூடை தெரியாது. நாளை வேறு இடம் பார்ப்போம்."

மறுநாள் அவர்கள் கூட்டத்துக்குள் போகவில்லை. பேருந்து வளைந்து வெளியே வரும் இடத்துக்குச் சற்று முன்னால், கம்பித் தடுப்பின் கடைசியில் நின்றார்கள். சீமா நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள்.

ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம். கால் மணி நேரம் வீதம் நான்கு பகுதி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்தால் உடம்பு தளர்ந்துவிடும். தோற்றிருந்தால் மனமும் தளர்ந்துவிடும். அதனால் சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சீமா அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

ஓர் இளைஞர் மெதுவாக வந்தார்.

"பையா, ஒரு கையெழுத்துப் போடுவீர்களா?" என்று சீமா கேட்டாள். அங்கே அண்ணனைப் 'பையா' என்பார்கள்.

அவர் நின்றார். கையெழுத்துப் போட்டார். முழுதாக ஐந்து நொடி. போய்விட்டார்.

சீமா குதித்தாள். பூல்மணி நோட்டை விளக்குக்குக் கீழே பிடித்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. ஒரு சுழி. ஒரு நீளக் கோடு. இரண்டு புள்ளி. அவள் முகம் வாடியது.

"ஒரு வருடம் படித்தும் எனக்கு இதைப் படிக்க வரவில்லையே" என்றாள்.

"ஆயோ, இதை எங்கள் டீச்சராலும் படிக்க முடியாது!" என்றாள் சீமா. "இது படிப்பதற்கு இல்லை. இது அவருடைய அடையாளம். வேறு யாரும் இதே மாதிரி போட முடியாது."

அன்று இரவு இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கையெழுத்துக்குக் கீழே பூல்மணி தெளிவாக எழுதினாள்: ஆட்டக்காரர் பெயர், அணி, தேதி. இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து யார் கையெழுத்து என்றே தெரியாதே!

சீமா பெயரைச் சொல்வாள். பூல்மணி எழுதுவாள். ஒரு வாரத்தில் ஏழு கையெழுத்துகள் சேர்ந்தன. பூல்மணியின் எழுத்தும் திருந்தியது.

5. படம் வரைந்தவர்

ஒரு நாள் உயரமான வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் வந்தார். அவர் நோட்டை வாங்கினார். சீமாவைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். சீமாவுக்குப் பயத்தில் வாய் வரவில்லை.

அவர் பேனாவைக் காட்டினார். சீமாவைக் காட்டினார். பூல்மணிக்குப் புரிந்துவிட்டது.

"உன் பெயரைக் கேட்கிறார்!"

சீமாவின் கை நடுங்கியது. பூல்மணி பேனாவை வாங்கினாள். ஒடியா எழுத்தில் 'சீமா' என்று எழுதிக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.

அவர் அதைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒடியா எழுத்துகள் உருண்டையாக இருக்கும். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். பேருந்தின் பக்கவாட்டில் நோட்டைச் சாய்த்து வைத்து, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரையத் தொடங்கினார். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டார். முதல் எழுத்து சாய்ந்துவிட்டது. இரண்டாம் எழுத்து பெரிதாகிவிட்டது. அதற்குக் கீழே தன் கையெழுத்தைச் சர்ரென்று போட்டார்.

பூல்மணி அந்தச் சாய்ந்த எழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாலை வகுப்பில் முதல் மாதம் நான் இப்படித்தான் எழுதினேன்" என்றாள். "என்னைப் போலவே நாக்கைக் கடித்துக்கொள்கிறார்!"

தெரியாத எழுத்துக்கு முன்னால் எல்லாரும் புதிய மாணவர்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

6. கடன் தருகிறேன் என்றவர்

சந்தையில் ஒருவர் வட்டிக்குப் பணம் கொடுப்பார். அவர் பூல்மணியிடம் பொரி வாங்க வந்தார். சீமாவின் மூங்கில் மட்டையைப் பார்த்தார்.

"பெண்ணுக்கு நல்ல மட்டை வாங்கிக் கொடுக்கக் கூடாதா?"

"பணம் இல்லை பாபு" என்றாள் பூல்மணி.

"இதென்ன பெரிய விஷயம்? நான் 3,000 தருகிறேன். மட்டையும் வாங்கு, காலணியும் வாங்கு. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடு."

"வட்டி எவ்வளவு பாபு?"

"அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நாளை சாயங்காலம் முத்திரைத்தாள் கொண்டு வருகிறேன். உனக்குத்தான் இப்போது கையெழுத்துப் போட வருமே! ஒரு கையெழுத்துப் போடு. அவ்வளவுதான்."

பூல்மணிக்குப் பெருமையாகவும் இருந்தது. தனக்குக் கையெழுத்து வரும் என்று சந்தையில் தெரிந்திருக்கிறதே! அன்று இரவு அவள் மனக்கணக்குப் போட்டாள். மட்டை 1,500. காலணி 700. மீதியில் கடலை வாங்கலாம். விடுதித் தேர்வுக்கு முன்னால் சீமாவுக்குப் பயிற்சிக்கு நாளும் கிடைக்கும்.

7. ஒரு கோடு

மறுநாள் மத்தியானம் ஓர் அணி பயிற்சிக்கு வந்தது. கூட்டம் குறைவு. ஓர் இந்திய ஆட்டக்காரர் சீமாவின் மூங்கில் மட்டையைப் பார்த்துத் தானே நின்றார்.

"நானும் இதில்தான் ஆடத் தொடங்கினேன்" என்று இந்தியில் சொன்னார்.

சீமா நோட்டை நீட்டினாள். புதிய பக்கம். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. பக்கத்தின் மேலே, "சீமாவுக்கு வாழ்த்துகள்" என்று எழுதினார். ஊர் பெயர் எழுதினார். தேதி எழுதினார். அதை ஒட்டினாற்போலக் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு மீதி வெற்றிடத்தில் மேலிருந்து கீழே ஒரு சாய்ந்த கோடு இழுத்தார்.

"ஏன் பையா கோடு போட்டீர்கள்?" என்று சீமா கேட்டாள். பக்கம் கெட்டுவிட்டதே என்று அவளுக்கு வருத்தம்.

"கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. அது என் பழக்கம்" என்றார் அவர். "எங்கள் ஊரில் என் தாத்தா ஒரு வெறுந்தாளில் கைநாட்டு வைத்தார். கடன் 500 ரூபாய் என்று நினைத்து வைத்தார். பிறகு அந்தத் தாளில் என்ன எழுதினார்களோ தெரியாது. எங்கள் நிலம் போய்விட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் வெறுந்தாளில் பெயர் எழுதுவதில்லை."

பூல்மணி முன்னால் வந்தாள்.

"நீங்கள் அணியில் சேரும்போதும் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே பையா?"

"போட்டேன் அக்கா. பல பக்க ஒப்பந்தம். எவ்வளவு சம்பளம், எத்தனை நாள், காயம்பட்டால் யார் செலவு எல்லாம் அதில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆட்டத்தில் அவசரப்படலாம். கையெழுத்தில் அவசரப்படக் கூடாது."

அவர் பயிற்சிக்குப் போய்விட்டார். பூல்மணி அந்தக் கோட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

8. வெறுந்தாள்

சாயங்காலம் சந்தைக்காரர் வந்தார். முத்திரைத்தாளை எடுத்தார். மேலே முத்திரை இருந்தது. கீழே ஒன்றுமே எழுதவில்லை. அடியில் ஓர் இடத்தை விரலால் காட்டினார்.

"இங்கே போடு."

பூல்மணி தாளைக் கையில் வாங்கினாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள்.

"பாபு, இதில் எதுவும் எழுதவில்லையே."

"நான் வீட்டில் போய் எழுதிக்கொள்கிறேன்."

"இங்கேயே எழுதுங்கள் பாபு. எனக்கு அவசரம் இல்லை. கடன் 3,000 என்று எண்ணால் எழுதுங்கள். மூவாயிரம் என்று எழுத்தாலும் எழுதுங்கள். வட்டி எவ்வளவு, எப்போது திருப்பித் தர வேண்டும், அதையும் எழுதுங்கள். நான் படித்துப் பார்க்கிறேன். எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும்."

"என்மேல் நம்பிக்கை இல்லையா?"

பூல்மணிக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் செல்வாக்கு உள்ளவர். சந்தையில் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். சீமா பக்கத்தில் மூங்கில் மட்டையோடு நின்றாள். மட்டை, காலணி, விடுதி எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தன.

"நம்பிக்கை இருக்கிறது பாபு. அதனால்தான் எழுதச் சொல்கிறேன். எழுதினால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவர் தாளை வெடுக்கென்று வாங்கினார். மடித்துப் பையில் வைத்தார்.

"நாலு எழுத்துப் படித்ததும் வாய் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போனார். பொரிக்குக் காசும் கொடுக்கவில்லை.

இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவி இருக்கிறாள். மகன் வைத்தியத்துக்காக அவள் அதே ஆளிடம் 2,000 கடன் வாங்கியவள். பூல்மணி சொன்னதைக் கேட்டு அவள் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் தாளில் 20,000 என்று இருக்கிறதாம். போன மாதம்தான் சொன்னார்" என்றாள் அவள். அதுவரை அவள் வெளியே சொல்லவில்லை.

மறுநாள் பூல்மணி அவளைக் கூட்டிக்கொண்டு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் கிழவி இப்போது தனியாக இல்லை.

9. படித்துப் போட்ட கையெழுத்து

பூல்மணி மகளிர் குழுவில் உறுப்பினர். வாரக் கூட்டத்தில் 1,500 ரூபாய் கடன் கேட்டாள். ஐந்து பேர் கேள்வி கேட்டார்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு மட்டையா?" என்று ஒருத்தி கேட்டாள். "நம் மாவட்டத்துப் பெண் ஒலிம்பிக்கில் ஆடவில்லையா?" என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். கடைசியில் சம்மதித்தார்கள்.

குழுப் பதிவேட்டில் எழுதினார்கள்: கடன் 1,500 ரூபாய். வட்டி மாதம் நூற்றுக்கு 1 ரூபாய். மாதம் 150 வீதம் 10 மாதத்தில் அசலைத் திருப்ப வேண்டும். பூல்மணி விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மட்டை வந்தது. காலணி வரவில்லை. அதற்குப் பணம் சேர்க்க வேண்டும். சீமா வெறுங்காலோடு புது மட்டையில் ஆடினாள்.

2025 பிப்ரவரி 1ல் இறுதி ஆட்டம் நடந்தது. வங்காள அணி ஐதராபாத் அணியை 4-3 என்று வென்று கோப்பையை வாங்கியது. அன்று இரவோடு சாலை வெறிச்சோடியது. சீமாவின் நோட்டில் 19 கையெழுத்துகள் இருந்தன.

"ஆயோ, 20 ஆக்கிவிடலாம். இந்தப் பக்கத்தில் நீ ஒரு கையெழுத்துப் போடு" என்று சீமா நோட்டை நீட்டினாள்.

பூல்மணி பேனாவை எடுத்தாள். பிறகு பக்கத்தின் மேலே பார்த்தாள். சிறிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இனிமேல் சீமா பாத்திரம் கழுவ வேண்டாம். இதற்கு ஆயோ சம்மதிக்கிறாள்."

பூல்மணி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வரியை அடித்தாள். அடித்த வரிக்குக் கீழே, "சீமா நன்றாக ஆட வேண்டும். பாத்திரமும் கழுவ வேண்டும்" என்று எழுதினாள். தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். மீதி இடத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

நினைவில் வையுங்கள்

* கைநாட்டும் கையெழுத்தும் சட்டத்தின் முன் ஒன்றுதான். இரண்டுமே, "இதில் எழுதியிருப்பதற்கு நான் சம்மதிக்கிறேன்" என்று பொருள் தரும்.
* வெறுந்தாள், எழுதாத முத்திரைத்தாள், தொகை எழுதாத புரோ நோட்டு, தொகை எழுதாத காசோலை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கியவர் பிறகு தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ள வழி உண்டு.
* தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். எண்ணில் ஒரு பூஜ்ஜியம் சேர்ப்பது எளிது. எழுத்தில் சேர்ப்பது கடினம்.
* உங்கள் கையெழுத்துக்கு மேலே வெற்றிடம் இருந்தால் கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.
* புரியாத மொழியில் இருந்தால், நம்பிக்கையான ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். "அப்புறம் போடுகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.
* பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஏழைகள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள்.

கேள்விகள்

1. ரூர்கேலா எந்த மாநிலத்தில் இருக்கிறது? அந்த ஊர் எந்த இரண்டுக்குப் பெயர் பெற்றது?
2. முதல் நாள் சீமாவுக்கு ஏன் ஒரு கையெழுத்தும் கிடைக்கவில்லை?
3. வெளிநாட்டு ஆட்டக்காரர் சீமாவின் பெயரை எப்படி எழுதினார்?
4. இந்திய ஆட்டக்காரர் ஏன் கோடு போட்டார்?
5. சந்தைக்காரர் தாளை ஏன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்? கலந்து பேசுங்கள்.

கணக்கு

பூல்மணி வாங்கிய கடன் 1,500 ரூபாய். வட்டி மாதம் நூற்றுக்கு 1 ரூபாய். முதல் மாதம் வட்டி எவ்வளவு? அசல் 150 ரூபாயும் சேர்த்து முதல் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?

(விடை: வட்டி 15 ரூபாய். மொத்தம் 165 ரூபாய்.)

செய்து பாருங்கள்

ஒரு தாளை எடுங்கள். உங்கள் குழந்தைக்கோ பேரக் குழந்தைக்கோ இரண்டு வரி வாழ்த்து எழுதுங்கள். ஊர், தேதி எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள். மீதி இடத்தில் கோடு போடுங்கள். அதைக் குழந்தையிடம் கொடுங்கள். பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.